2054-இல் பட்டதாரிகள் யாரிடம் அதிகம், சீனாவிடமா இந்தியாவிடமா? (மாமாவுடன் கட்டிய பந்தயம்)

#1 கணக்குப்பிள்ளை, ஜெலுத்தோங்

சென்ற ஞாயிறு பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே பெரிய மாமா. இலையில் பாயசம் விழுவதற்குள் இந்தியாவும் சீனாவும் வந்து விழுந்துவிட்டன. "மக்கள்தொகையில் 2023-லேயே முந்திவிட்டோம். இன்னும் முப்பது வருடத்தில் படித்தவர்களிலும் முந்திவிடுவோம்" என்றார். அந்த 'வோம்' எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மாமா பிறந்தது இங்கே மலேசியாவில், பிறைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இந்தியாவுக்குப் போனது இரண்டே தடவை, இரண்டும் பழனிக்கு. இருந்தாலும் பந்தயம் கட்டிவிட்டேன். தோற்றவர் குடும்பத்துக்கே நாசி கண்டார் சாப்பாடு வாங்கித் தரவேண்டும்.

நான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்ப்பவன். எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று பார்த்துத்தான் என் வீட்டில் சோறு வேகிறது. எனவே அன்றிரவே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வேலையை முறையாகச் செய்பவர்கள் ஆஸ்திரியாவில் இருக்கிறார்கள். வியன்னாவுக்கு வெளியே லக்சன்பர்க் என்ற ஊரில் 1972 முதல் இயங்கும் ஓர் ஆய்வு நிலையமும், அதோடு சேர்ந்த விட்கென்ஸ்டைன் மையமும். வொல்ஃப்காங் லூட்ஸ் என்ற மக்கள்தொகை அறிஞரும் நேபாளத்தைச் சேர்ந்த சமீர் கே.சி.யும் இதில் முன்னின்றவர்கள். மக்களை வயது, பால் என்று பிரிப்பதோடு நிற்காமல், எதுவரை படித்தார்கள் என்றும் பிரித்து, ஐந்தைந்து ஆண்டுகளாக 2100 வரை நகர்த்திப் பார்க்கிறார்கள். இதன் அடிப்படை எளியது. 25 வயதில் பட்டதாரியாக இருப்பவர் 55 வயதிலும் பட்டதாரிதான். பட்டத்தை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. (பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் வாங்கியவர்களில் சிலருக்கு அந்த ஆசை இருக்கலாம்.) ஆகவே 2054-இன் நடுவயதுப் பட்டதாரிகள் இன்று ஏதோ ஒரு கல்லூரியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களுடைய அட்டவணையை எடுத்து மாமாவிடம் நீட்டினால் "வெள்ளைக்காரன் கணக்கு" என்பார். அதனால் இரு நாட்டு அரசாங்க எண்களை வைத்து நானே போட்டேன். கோடியில் எழுதுகிறேன், 1 கோடி என்பது 10 மில்லியன்.

சீனா: 2020 கணக்கெடுப்பில் உயர்கல்வி முடித்தவர்கள் 21.8 கோடி. இலட்சம் பேருக்கு 15,467 பேர். பத்தாண்டுகளுக்கு முன் அதே எண் 8,930. 2023-இல் மட்டும் 1.158 கோடிப் பேர் படித்து வெளியே வந்தார்கள்.

இந்தியா: கடைசிக் கணக்கெடுப்பு 2011-இல். அப்போது பட்டதாரிகள் ஏறத்தாழ 6.8 கோடி. 2021-இல் எடுத்திருக்கவேண்டிய அடுத்த கணக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போய் 2027-இல் நிற்கிறது. இடையில் நமக்குப் பிடிமானம் ஆண்டுதோறும் வரும் உயர்கல்வி அறிக்கைதான். 2020-21-இல் தேறியவர்கள் 95 இலட்சம். அதைப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பெருக்கிக் கூட்டினால் இன்று சுமார் 20 கோடி.

இனிதான் விஷயமே. சீனாவில் 2016-இல் பிறந்தவர்கள் 1.786 கோடி. 2023-இல் பிறந்தவர்கள் 90.2 இலட்சம். ஏழே ஆண்டில் பாதி. 2016-இன் பிள்ளைகள் 2034-இல் கல்லூரி வாசலுக்கு வருவார்கள், 2023-இன் பிள்ளைகள் 2041-இல். அதற்குப் பிறகு சீனாவில் நான்கு பிள்ளைகளில் மூவர் கல்லூரிக்குப் போனால்கூட ஆண்டுக்கு 68 இலட்சம் பட்டதாரிகள்தான். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடிப் பிறப்புகள். அதில் முப்பது சதவீதம் படித்தாலே 69 இலட்சம்!

இறப்பைக் கழித்து, இந்தியாவுக்கு ஆண்டுச் சராசரி 1.1 கோடி என்று வைத்து 2054-க்கு வந்தேன். சீனா 51, இந்தியா 49. இரண்டு கோடி வித்தியாசம் என்பது கணக்குப் பிழைக்குள் அடங்கிவிடும். நாசி கண்டாருக்கு இப்போதே காசு சேர்க்கவேண்டுமா? யாராவது என் கணக்கை உடையுங்கள்.

#2 தோட்டத்துப் பேரன், கோலாலம்பூர்

முப்பது வருடக் கணக்கா? சீனாவில் ஒரு பிள்ளைச் சட்டத்தை எடுத்துவிட்டு 2016-இல் இரண்டு பிள்ளை பெறலாம் என்றார்கள். தொட்டில்கள் நிரம்பி வழியும் என்று பேசினார்கள். அந்த ஒரு வருடம் ஏறியது, அடுத்த வருடமே இறங்க ஆரம்பித்தது. 2021-இல் மூன்று பிள்ளைகளுக்கும் அனுமதி கொடுத்தார்கள், 2022-இல் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. அது 1961-க்குப் பிறகு முதல் முறை. நாட்டையே கையில் வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு அடுத்த ஐந்து வருடம் தெரியவில்லை. ஜெலுத்தோங்கில் உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கு 2054 தெரிகிறதா?

கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. நம் ரப்பர் தோட்டத்தில் பழைய மண்டோர் ஒருவர் இருந்தார், வேலையை மேற்பார்ப்பவர். மரத்தைப் பார்த்தே பத்து வருடப் பால் எவ்வளவு என்று சொல்வார். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியதை மட்டும் அவர் சொல்லவில்லை.

#3 கணக்குப்பிள்ளை

தம்பி, மண்டோர் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வது பிறப்புக் கணிப்பு. அதில் எல்லோரும் சறுக்குகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். என் கணக்கில் பிறப்புக் கணிப்புக்கு அநேகமாக வேலையே இல்லை. 2054-இல் முப்பது வயதைத் தாண்டியிருக்கப்போகிற ஒவ்வொருவரும் 2024-க்குள் பிறந்துவிட்டார்கள். அவர்களின் எண்ணிக்கை மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கிறது. நான் ஊகிப்பது அவர்களில் எத்தனை பேர் படிப்பார்கள் என்பதை மட்டும்.

வியன்னாக்காரர்களும் ஒரே எண்ணைச் சொல்லிச் சத்தியம் செய்வதில்லை. ஐந்து வகை எதிர்காலங்களை வைத்துப் போடுகிறார்கள். ஒன்றில் பள்ளி, கல்லூரிகள் வேகமாகப் பெருகும். இன்னொன்றில் கல்வி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். படிப்பு மாறினால் பிறப்பும் மாறும் என்பதையும் சேர்க்கிறார்கள். இந்தியாவின் 2019-21 குடும்பநல ஆய்வில் பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரி 2.8 பிள்ளைகள், பன்னிரண்டு ஆண்டும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. இன்று ஒரு பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பினால் பட்டதாரிகளில் ஒன்று கூடும், அடுத்த தலைமுறையின் தலைகளில் ஒன்று குறையும். இரண்டும் சேர்ந்து சதவீதத்தை ஏற்றும்.

#4 ஓய்வுபெற்ற டீச்சர், பட்டர்வொர்த்

கணக்குப்பிள்ளை, நீங்கள் எண்களில் கெட்டிக்காரர்தான். ஆனால் கூட்டலில் என் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யும் தவற்றைச் செய்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு 95 இலட்சம் பேர் தேறுகிறார்கள் என்றால் அதில் எம்.ஏ., எம்.எஸ்சி., பி.எட். முடித்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் ஏற்கெனவே பி.ஏ. வாங்கியபோது உங்கள் கணக்கில் ஒருமுறை வந்தவர்கள். ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள். சீனாவின் 1.158 கோடியிலும் அதே கோளாறு இருக்கும். இரண்டு பக்கமும் குறையுங்கள், பிறகு பேசுவோம்.

உங்கள் எல்லோருக்கும் இன்னொன்று சொல்கிறேன். நீங்கள் கூட்டுவதையே பார்க்கிறீர்கள், கழிப்பதைப் பார்ப்பதில்லை.

என் அம்மா போன வருடம் தவறினார், 91 வயது. பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. வங்கிப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கவேண்டிய கட்டத்தில் நீல மையில் கட்டைவிரல் ரேகைதான் இருக்கும். அந்த ரேகையும் கடைசி வருடங்களில் சரியாக விழாது. பால் மரம் வெட்டிய விரல், தேய்ந்துபோயிருந்தது. வங்கிப் பெண் மூன்று தடவை அழுத்தச் சொல்லுவாள். அம்மாவுக்கு வெட்கமாக இருக்கும், என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

நாங்கள் ஐந்து பிள்ளைகள், பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அதுவும் வேலைக்குப் போய்க்கொண்டே படித்தது. பேரப்பிள்ளைகள் பதினொருவர், அவர்களில் எட்டுப் பேர் பட்டதாரிகள். அம்மா இருந்தபோது வீட்டில் பெரியவர்கள் பதினேழு பேர், பட்டதாரிகள் ஒன்பது. அதாவது 53 சதவீதம். அம்மா போன பிறகு பதினாறு பேரில் ஒன்பது, 56 சதவீதம். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் புதிதாகப் பட்டம் வாங்கவில்லை.

சீனாவில் நடக்கப்போவது அதுதான். அங்கே 1966 முதல் பத்து வருடம் கலாசாரப் புரட்சி என்று பல்கலைக்கழகங்களைச் சீரழித்தார்கள். 1977-இல் நுழைவுத் தேர்வை மறுபடி வைத்தபோது 57 இலட்சம் பேர் எழுதி 2.7 இலட்சம் பேருக்குத்தான் இடம். அந்தத் தலைமுறை இப்போது எழுபதை நெருங்குகிறது. இன்னும் முப்பது வருடத்தில் அவர்கள் போய்விடுவார்கள். அங்கே புதிதாக ஒரு கல்லூரிகூடத் திறக்கவேண்டாம், நாட்டின் படித்தவர் விகிதம் தானாக ஏறும்.

#5 கணக்குப்பிள்ளை

டீச்சர், முட்டி போட்டுவிட்டேன். நீங்கள் சொன்னது சரி.

திருத்திய கணக்கு: இந்தியாவுக்குப் புதிய பட்டதாரிகள் ஆண்டுக்கு 65 இலட்சம் என்று வைத்தால் இன்றைய இருப்பு 20 கோடி அன்று, சுமார் 16 கோடி. இனி வரும் சராசரியையும் 1 கோடியாகக் குறைத்தேன். சீனாவுக்கு 2041 வரை ஆண்டுக்கு 1 கோடி, பிறகு 68 இலட்சம். இறப்பு போக 2054-இல் சீனா 48, இந்தியா 42. மாமா தோற்கிறார். ஆனால் கோடுகள் 2065 வாக்கில் வெட்டிக்கொள்ளும். அதற்கு மாமாவும் இருக்கமாட்டார், நானும் சந்தேகம்.

உங்கள் அம்மாவின் கணக்கைப் படித்த பிறகு சதவீதத்தையும் போட்டுப் பார்த்தேன். ஐ.நா.வின் 2024 கணிப்பில் 2054-இல் சீனாவின் மக்கள்தொகை 121 கோடி, இந்தியாவுடையது 169 கோடி. அப்படியானால் சீனாவில் ஐவரில் இருவர் உயர்கல்வி முடித்திருப்பார்கள். இந்தியாவில் நால்வரில் ஒருவர். தலைகளை எண்ணும்போது ஏறத்தாழச் சமமாகத் தெரிந்த இரண்டு நாடுகள், பங்கு என்று பார்த்தால் இரண்டு வேறு உலகங்கள்.

#6 செந்தூல்காரன், கோலாலம்பூர்

நான் இங்கே தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை மாணவர் சேர்க்கைப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்கச் சீனாவிலிருந்து வரும் சான்றிதழ்களும் இந்தியாவிலிருந்து வரும் சான்றிதழ்களும் என் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவற்றை ஒப்பிடுவது எவ்வளவு தலைவலி என்று எனக்குத் தெரியும். உங்கள் கணக்கில் இரண்டு ஓட்டைகள்.

முதல் ஓட்டை. சீனாவின் 21.8 கோடி என்பது 'தாச்சுவானும் அதற்கு மேலும்'. தாச்சுவான் என்பது பள்ளி முடித்தபின் மூன்றாண்டு படிக்கும் தொழிற்கல்லூரிப் படிப்பு. நம் ஊர் டிப்ளோமா போல. 21.8 கோடியில் சரிபாதி அளவு அதுதான். இந்தியக் கணக்கெடுப்பின் 6.8 கோடியோ பட்டம் பெற்றவர்கள் மட்டும். டிப்ளோமா அங்கே தனி வரிசை. ஒரு பக்கம் எருமையையும் சேர்த்து எண்ணிவிட்டு, மறுபக்கம் பசுவை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள்.

இரண்டாவது, சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி மாணவர்களின் எண்ணிக்கையைக் கல்லூரி வயதினரின் எண்ணிக்கையால் வகுப்பது. நீங்கள் எடுக்கவில்லை, ஆனால் எல்லோரும் எடுப்பார்கள் என்பதால் சொல்கிறேன். 2022-இல் சீனா 59.6 சதவீதம், 2021-22-இல் இந்தியா 28.4. பாதிக்கும் கீழே என்று பத்திரிகைகள் எழுதும். ஆனால் சீனா வகுப்பது 18 முதல் 22 வயது வரை, ஐந்து வயதுகள். இந்தியா வகுப்பது 18 முதல் 23 வரை, ஆறு வயதுகள். இந்தியாவின் 4.33 கோடி மாணவர்களைச் சீனாவின் அளவுகோலில் ஐந்து வயதுகளுக்கு வகுத்துப் பாருங்கள், 34 சதவீதம் வரும். ஒரு பிள்ளைகூடப் புதிதாகக் கல்லூரியில் சேராமல் ஆறு புள்ளி ஏறிவிட்டது.

சீன மாணவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். அங்கே முதுகலை நுழைவுத் தேர்வுக்கு 2023-இல் 47.4 இலட்சம் பேர் பதிந்தார்கள். இடம் கிடைக்காதவர்களில் ஒரு பகுதி கோலாலம்பூருக்கு வருகிறது. சீனாவின் சியாமென் பல்கலைக்கழகம் இங்கே சிப்பாங்கில் வளாகமே திறந்து, 2016-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பட்டதாரிப் பெருக்கம் எப்படி இருக்கும் என்று அறிய வியன்னாவரை போகவேண்டாம், அந்த வளாகத்துக்குப் பக்கத்தில், சாலாக் திங்கியில் போய் நின்றாலே போதும்.

#7 கணக்குப்பிள்ளை

செந்தூல்காரரே, என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள்.

தாச்சுவானை எடுத்துவிட்டுப் பட்டம் மட்டும் என்று போட்டேன். சீனாவின் 2020 இருப்பு 21.8 அன்று, பத்தரைக் கோடி. இந்தியாவை அதே ஆண்டுக்குக் கொண்டுவந்தால் 6.8 கோடியோடு ஒன்பது ஆண்டுக்கு 65 இலட்சம் வீதம் சேர்த்து 12.5 கோடிக்குச் சற்று மேல்.

அதாவது 2054 வரை காத்திருக்கத் தேவையில்லை. மாமா 2020-லேயே ஜெயித்துவிட்டார். பந்தயம் கட்டியபோதே நான் தோற்றிருக்கிறேன்!

முந்துவது 2020-இலா, 2065-இலா என்பதைச் சீனாவின் தொட்டில்கள் முடிவு செய்யவில்லை, பீகாரின் பள்ளிகளும் முடிவு செய்யவில்லை. அட்டவணையின் தலைப்பில் 'உயர்கல்வி' என்று போடுகிறோமா, 'பட்டம்' என்று போடுகிறோமா என்பதுதான் நாற்பத்தைந்து வருடத்தை இழுக்கிறது. காப்புறுதியில் இருபது வருடம் இருந்திருக்கிறேன், சின்ன எழுத்தில் அச்சிட்ட வரிகளுக்குப் பயப்படக் கற்றவன். இங்கே அதைப் படிக்க மறந்துவிட்டேன்.

#8 குவே தியாவ் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

எண்ணிக்கை, வரையறை எல்லாம் இருக்கட்டும். வேலை?

எங்கள் தொழிற்சாலையில் சீனாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள், சென்னையிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நாட்டிலும் ஒரே பாட்டுத்தான். சீனாவில் 2023 ஜூனில் 16 முதல் 24 வயது வரையிலானோரின் வேலையின்மை 21.3 சதவீதம் என்று வந்தது. அடுத்து அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்தினார்கள். மாணவர்களைக் கழித்துப் புதிய முறையில் மறுபடி வெளியிட்டபோது டிசம்பருக்கு 14.9. இந்தியாவிலோ எழுத்தறியாதவனைவிடப் பட்டதாரிக்குத்தான் வேலையின்மை அதிகம். எழுதப் படிக்கத் தெரியாதவனால் சும்மா இருக்க முடியாது, பட்டதாரியால் அப்பா சோற்றில் கொஞ்ச நாள் இருக்க முடியும்.

நம் நாடு மட்டும் என்ன? உயர்கல்வி படித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், படிப்புக்குக் குறைந்த வேலையில்தான் இருக்கிறார்கள். சென்ற மாதம் பாயான் லெப்பாஸிலிருந்து வீட்டுக்குப் போக வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டியவர் வேதியியல் பட்டதாரி. கொம்தார் வரும்வரை பாலிமர் பற்றி மிக அழகாகப் பேசினார். வியன்னா அட்டவணையில் அவரும் ஒன்று, நானும் ஒன்று.

#9 தோட்டத்துப் பேரன்

பொறியாளர் அண்ணன் சொல்வதைத்தான் நான் முதலிலேயே சொல்ல வந்தேன், மண்டோர் குறுக்கே வந்துவிட்டார். பட்டம் என்பது ஒரு காகிதம். என் தங்கை படித்த தனியார் கல்லூரி இரண்டாம் ஆண்டு நடுவில் மூடிவிட்டது. பாதிப் படிப்பும் முழுக்கடனும் மிச்சம். அவளை எந்த வரிசையில் போடுவீர்கள்?

#10 ஓய்வுபெற்ற டீச்சர்

தம்பி, உங்கள் தங்கை மறுபடி படிக்கட்டும், பழைய பாடங்களுக்கு மதிப்பளித்துச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. எந்தப் பாடம் என்று தனிச்செய்தியில் எழுதுங்கள், விசாரித்துச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை, நாசி கண்டார் வாங்க அவசரப்படாதீர்கள். செந்தூல்காரர் சொன்னதைப் பாதிதான் யோசித்திருக்கிறீர்கள். சீனாவின் தாச்சுவான் பன்னிரண்டு வருடப் பள்ளிக்குப் பிறகு மூன்று வருடம். இந்தியாவின் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி.? அதுவும் பன்னிரண்டுக்குப் பிறகு மூன்று வருடம்தான். இரண்டும் பதினைந்து. சீனாவின் பட்டம் நான்கு வருடம், பதினாறு. பதினைந்து வருடம் படித்த சீனப் பையனை 'டிப்ளோமா' என்று வெளியே நிறுத்திவிட்டு, பதினைந்து வருடம் படித்த இந்தியப் பையனைப் 'பட்டதாரி' என்று உள்ளே உட்கார வைக்கிறீர்கள். எருமை, பசு என்று அவர் சொன்னார். இரண்டும் ஒரே அளவு பால் கறந்தால் என்ன செய்வீர்கள்?

வருடத்தை வைத்து எண்ணினால் உங்கள் 48-க்கு 42 தான் நேர்மையான ஒப்பீடு. இந்தியாவின் டிப்ளோமாக்காரர்களையும் தேடிச் சேர்த்தால் 42 கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த 42-ஐயும் நான் அப்படியே நம்பமாட்டேன். இந்தியாவை ஒரே நாடாக வைத்துப் பெருக்குகிறீர்கள். அதே 2021-22 அறிக்கையில் தமிழ்நாட்டின் சேர்க்கை 47 சதவீதம். பீகாரில் 17.1. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள், பீகாரில் 3. கல்லூரிகள் ஓரிடத்தில் இருக்கின்றன, தொட்டில்கள் வேறிடத்தில் ஆடுகின்றன. 2.3 கோடிப் பிறப்பில் முப்பது சதவீதம் என்று நீங்கள் சுலபமாகச் சொன்னீர்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பகுதி பிறப்பது முப்பது சதவீதம் இருக்கும் இடத்தில் அன்று. தமிழ்நாட்டில் கல்லூரி இடங்கள் காலியாகக் கிடக்கும் ஒரு காலம் வரும், அதே ஆண்டில் பீகாரில் ஒரு பெண் இடம் கிடைக்காமல் திரும்பிப் போவாள்.

முப்பத்து நான்கு வருடம் கற்பித்தவள் சொல்கிறேன், சேர்ந்தவன் எல்லாம் முடித்தவன் இல்லை. சேர்க்கைப் பதிவேடு வேறு, பட்டமளிப்பு விழா வேறு.

#11 செந்தூல்காரன்

டீச்சர் சொன்ன பதினைந்து வருடக் கணக்கு உண்மைதான், என் மேசையில் அதுதான் நித்திய சண்டை. மூன்றாண்டு இந்தியப் பட்டத்தை எடுத்துக்கொள்கிறோம், மூன்றாண்டுத் தாச்சுவானைத் திருப்பி அனுப்புகிறோம். காரணம் கேட்டால் ஒன்று பட்டம், இன்னொன்று பட்டம் இல்லை என்பதுதான். வருடம் ஒன்றுதானே என்று ஒரு சீனப் பெண் கேட்டாள், நல்ல மலாயில் கேட்டாள். விதிப்புத்தகத்தைக் காட்டினேன். அதற்கு மேல் எனக்குப் பதில் இல்லை.

இந்தியாவின் 2020 கல்விக் கொள்கை நான்காண்டுப் பட்டத்தையும் கொண்டுவருகிறது, 2035-க்குள் சேர்க்கை 50 சதவீதம் என்று இலக்கும் வைத்திருக்கிறது. தொழிற்கல்வியையும் சேர்த்துத்தான் அந்த 50. ஆக, இந்தியாவும் எருமைகளை எண்ண ஆரம்பிக்கிறது. அது நடந்தால் கணக்குப்பிள்ளையின் ஆண்டுக்கு 1 கோடி என்ற சராசரி குறைவாகப் போட்டதாகிவிடும்.

இலக்கு வைத்தால் நடக்குமா என்று தோட்டத்துப் பேரன் கேட்பார், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். சீனாவில் 1998-இல் கல்லூரியில் சேர்ந்தவர்கள் சுமார் 10.8 இலட்சம். 1999-இல் அரசாங்கம் கதவைத் திறந்தது, அந்த ஒரே ஆண்டில் 16 இலட்சத்தை நெருங்கியது. இருபது ஆண்டு கழித்து 2019-இல் 90 இலட்சத்தைத் தாண்டியது. நடக்கவே நடக்காது என்று சொல்ல நான் தயாரில்லை.

#12 தோட்டத்துப் பேரன்

கேட்கத்தான் வந்தேன், வாயை அடைத்துவிட்டீர்கள்.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிறந்தவர்களை வைத்துப் போடும் கணக்கும், பிறக்காதவர்களை வைத்துப் போடும் கணக்கும் ஒன்றில்லை. மண்டோரையும் நினைத்துப் பார்த்தேன். மரம் விஷயத்தில் அவர் ஒருமுறையும் தப்பவில்லை. நிலம் கைமாறியதுதான் அவர் கணக்கில் இல்லை.

#13 கணக்குப்பிள்ளை

இன்று காலை மாமாவைப் பார்க்கப் போனேன். வாசலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பட்டம் மட்டும் என்றால் இந்தியா 2020-லேயே முன்னால். பதினைந்து வருடப் படிப்பு என்றால் 2054-இல் சீனா முன்னால், 2065 வாக்கில் இந்தியா. பங்கு என்றால் இந்தியா இந்த நூற்றாண்டின் நடுவில் எட்டிப்பிடிக்காது. டீச்சரின் பீகார் விஷயத்தையும் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியை மட்டும் படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சனிக்கிழமை வா, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா. காசு நீ கொண்டு வா" என்றார்.

பதினான்கு பேர்.

#14 பிறை லாரிக்காரர்

இழை முழுவதையும் இப்போதுதான் படித்தேன், துறைமுகத்தில் லாரி வரிசையில் நின்றுகொண்டு. ஒரே ஒரு கேள்வி. என் மகன் போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடிக்கப் போகிறான், மின்சாரப் பிரிவு. அவன் இந்தக் கணக்குகளில் வருகிறானா இல்லையா?

#15 கணக்குப்பிள்ளை

வருகிறான் ஐயா. வியன்னாக்காரர்கள் புதிய பதிப்பில் குறுகியகால உயர்கல்வி என்று ஒரு தனிக் கட்டமே வைத்திருக்கிறார்கள், அதில் வருகிறான். சீனா என்றால் மொத்தத்திலேயே வந்திருப்பான். இந்தியக் கணக்கெடுப்பு என்றால் பக்கத்து வரிசை.

மின்சாரப் பிரிவு என்றீர்கள். என் வீட்டுச் சமையலறையில் இரண்டு வாரமாக விளக்கு விட்டு விட்டு எரிகிறது. பையன் சனிக்கிழமை ஓய்வாக இருந்தால் வரச்சொல்லுங்கள், நாசி கண்டாருக்குப் பதினைந்தாவது ஆளாக.